மாசில்லாமணி செய்த நீண்ட ஜெபம்

ஒரு காட்டில், பசித்தவர்கள்மேல் மிகுந்த மனப்பாரம் கொண்ட ஒரு சபை இருந்தது. பாரம் தாங்க முடியாமல், பசியை ஒழிக்கவென்றே தனியாக ஒரு மாளிகை கட்டினார்கள். கட்ட இடம் வேண்டுமே! வரிசையாக நின்ற பதினேழு கறையான் புற்றுகளை இடித்துத் தரைமட்டமாக்கி, அதன்மேல் எழுப்பி, 'பசி ஒழிப்பு இல்லம்' என்று பலகை மாட்டினார்கள்.

அந்தப் பதினேழு புற்றுகளில்தான் அழுங்கு மாசில்லாமணியின் குடும்பம் சாப்பிட்டு வந்தது. அழுங்கு எப்படி இருக்கும் என்றால், உடம்பெல்லாம் செதில்; கறையானும் எறும்பும்தான் ஆகாரம். முன்னங்கை இரண்டையும் நெஞ்சோடு கூப்பிக்கொண்டு நடக்கும். பிறவி அப்படி. மாசில்லாமணியோ அதற்கும் மேல், நிஜமாகவே கர்த்தருக்குப் பயந்தவர்.

நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு இல்லத்துக்குப் போனார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சபைச் செயலர் காட்டுப்பன்றி எமர்சன் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, பசிக்குது."

"வாங்க அண்ணாச்சி, உங்களுக்காகத்தானே இருக்கோம்" என்று எமர்சன் ஒரு படிவத்தை நீட்டினார். பசி எந்தத் தேதியில் தொடங்கியது? இதற்குமுன் பசித்ததுண்டா? பசியில்லாத இருவரின் சாட்சிக் கையெழுத்து. எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்தால், கைரேகைக் கருவியில் விரலை வைக்கச் சொன்னார். மாசில்லாமணி வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"நகந்தான் விழுது, ரேகை விழலையே."

"எங்க ஜாதிக்கே நகந்தான் ஐயா."

"நான் நம்புறேன் அண்ணாச்சி. மெஷின் நம்பலையே! நாளைக்கு வாங்க."

நாளையும் வந்தார், மறுநாளும் வந்தார். கருவி மனம் திரும்பவில்லை.

அந்தச் சமயத்தில், காட்டின் வறுமை நீங்க இருபத்தொரு நாள் உபவாச ஜெபம் என்று போதகர் யானை பாக்கியநாதன் அறிவித்தார். சபை முழுவதும் கண்ணீரோடு தொடங்கியது. மூன்றாம் நாள், இளநீர் உணவல்ல என்று ஒரு தெளிவு பிறந்தது. ஐந்தாம் நாள் அதற்குள் இருக்கும் வழுக்கையும் உணவல்ல என்றானது. எட்டாம் நாள் எமர்சனே எழுந்து, "இட்லி ஆவியில வேகுது. ஆகையினால அது ஆவிக்குரியது" என்று விளக்கினார். அதோடு உபவாசம் எல்லாருக்கும் சுலபமாயிற்று.

மாசில்லாமணி மட்டும், அகப்பட்ட ஒன்றிரண்டு எறும்பைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, தினமும் இல்லத்து வாசலில் நின்றார். இருபதாம் நாள் போதகர் அந்தப் பக்கம் வந்தார். ஒட்டிய வயிறு, கூப்பிய கை. போதகருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவரல்லவோ உபவாசி!"

"ஐயா, எனக்குப் பசிக்குது" என்றார் மாசில்லாமணி.

"ஆத்துமப் பசி!" என்று போதகர் தும்பிக்கையை உயர்த்தினார். கூட்டம் அல்லேலூயா என்றது. பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்து ஜெபிக்கும்படி ஆளாளுக்கு இழுத்துப்போனார்கள். அவர் படியேறும்போதே, பரிசுத்தவானைச் சோதனைக்குட்படுத்தக் கூடாதென்று சோற்றுப் பானையைத் துணி போட்டு மூடினார்கள். ஒரு வீட்டில் தண்ணீர்ச் செம்பைக்கூட எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

மறுநாள் உபவாச நிறைவு அசனம். அசனம் என்றால் சபையே ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் விருந்து. ஆறு அண்டாச் சோறு, மூன்று அண்டாக் குழம்பு. பசித்தவர்கள் வேலிக்கு வெளியே காத்திருக்க வேண்டும்; மிஞ்சினால் கிடைக்கும். இதுவரை ஒரு அசனத்திலும் மிஞ்சியதில்லை. ஆரம்ப ஜெபம் மாசில்லாமணி என்று முடிவாயிற்று.

இதைக் கேட்டதும் அவர் மனைவி ஞானப்பூ சொன்னாள்: "ஏங்க, ஜெபத்தைக் கொஞ்சம் நீட்டுங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

"பாவமில்லையா ஞானப்பூ?"

"ஜெபம் பண்றது எப்பங்க பாவமாச்சு?"

அசனப் பந்தியில் மாசில்லாமணி ஜெபிக்க எழுந்து நின்றார்.

எல்லாரும் கண்ணை மூடினார்கள். மாசில்லாமணி ஆதாமிலிருந்து ஆரம்பித்தார். நோவாவின் பேழைக்கு வந்தவர், அதில் ஏறிய மிருகங்களை ஜோடி ஜோடியாக, பெயர் சொல்லி ஏற்றினார். அதற்குள் ஞானப்பூ பின்பக்க வேலியைத் தூக்கிப் பிடித்தாள். முயல்கள், முள்ளம்பன்றிகள், நொண்டி நரி, பிள்ளை குட்டிகள் எல்லாரும் சத்தமில்லாமல் வந்து அண்டாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

பாதியில் மாசில்லாமணிக்கு ஒன்று நேர்ந்தது. நீட்டுவதற்காகத் தொடங்கியது நிஜ ஜெபமாகிவிட்டது. "ஆண்டவரே, முள்ளம்பன்றி சலோமிக்கு ஏழு பிள்ளைங்க. ஒரு கிழங்கை ஏழா வெட்டுறா, கத்தியை இவ நக்குறா. நீர் பாக்கிறீரா?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்தது. சபையும் விம்மியது. விம்மிக் கண்ணை இன்னும் இறுக்கியது.

எமர்சனின் மூக்குக்கு மட்டும் குழம்பு வாசனை குறைவதுபோல் பட்டது. ஆனாலும் ஜெபத்தில் கண் திறந்த செயலர் என்று பெயரெடுக்கலாமா? மூடியே இருந்தார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, ஆமென் சொல்லத் திறந்த மாசில்லாமணியின் வாய்க்குள் ஞானப்பூ ஒரு சோற்றுருண்டையைத் திணித்தாள். "ஆம்ம்" என்றார். புற்றில்லாத காட்டில் சோறும் கறையான்தான். கண்ணீர் வழிய விழுங்கினார்.

சபை கண்ணைத் திறந்தது. அண்டாக்கள் பளபளவென்று இருந்தன. வேலிக்கு அப்பாலிருந்து ஒரு ஏப்பம் கேட்டது.

போதகர் வெகுநேரம் அண்டாவுக்குள் பார்த்தார். பிறகு, "அற்புதம்" என்றார். வேறு என்னதான் சொல்ல முடியும்?

'பசித்தவர் அனைவருக்கும் சபை உணவளித்தது' என்று ஆண்டறிக்கையில் எமர்சன் எழுதிக்கொண்டார். ஆனால் அன்று சாயங்காலம்வரை சபையார் பசியோடு இருக்க நேர்ந்ததால், அவசரக் கூட்டம் கூடி ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள்: இனிமேல் சாப்பாட்டுக்குமுன் ஜெபம் அரை நிமிஷம். அதுவும் கண்ணைத் திறந்துகொண்டு.

நீதி: பசித்தவனுக்காக நீ ஒன்றும் செய்ய வேண்டாம்; கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலே போதும்.