அலைவரிசைச் சித்தரும் ராசியான செல்போனும்

2005-இல் வங்காளத்துத் துறைமுகப் பகுதியான கிடர்பூரில் கோயிலைவிட அதிகக் கூட்டம் பாபு டெலிகாம் கடையில்தான். கூட்டம் போனுக்காக வரவில்லை. உள்ளே புலித்தோல் அச்சடித்த போர்வையில் வீற்றிருந்த அலைவரிசைச் சித்தருக்காக வந்தது. ஆறு மாதம் முன்புவரை லாட்டரிச் சீட்டு விற்ற துரைசாமிதான் அவர். தாடி வளரத்தான் நாளானது. ஞானம் ஒரே வாரத்தில் வந்துவிட்டது.

எந்த நட்சத்திரத்துக்கு எந்தப் போன் என்று சித்தர் சொல்வார். மேசைமேல் சிவப்புப் பட்டு. இடப்பக்கம் ஒரு போன், வலப்பக்கம் ஒரு போன். நூலில் கட்டிய செப்புக் குண்டை மேலே பிடிப்பார். எதன்மேல் குண்டு துள்ளுகிறதோ, அதுவே ராசியான போன். ஆச்சரியம் பாருங்கள், விலை கூடிய போனைக் கண்டால்தான் குண்டு துள்ளும்! கிரகங்களுக்குக் கலர் ஸ்கிரீன் என்றால் அவ்வளவு ஆசை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் மாணிக்கம், மனைவி மகேஸ்வரியோடு வந்தான். அவளுக்கு எட்டாம் மாதம். வலி எடுத்தால் அவனைக் கூப்பிட ஒரு போன் வேண்டும், அவ்வளவுதான். டார்ச் வைத்த சாதாப் போனும் ஒரு ப்ரீபெய்ட் கார்டும் போதும் என்று வீட்டிலேயே பேசி முடித்திருந்தார்கள்.

சித்தர் குண்டைப் பிடித்தார். இடப்பக்கச் சாதாப் போன்மேல் அது செத்த பாம்பு மாதிரி தொங்கியது. வலப்பக்கம் ஒன்பதாயிரம் ரூபாய்க் கேமரா போன்மேல் குதியாட்டம் போட்டது.

"இந்தச் சாதாப் போன் வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா பொறக்கப்போற புள்ளைக்குக் காது கேக்காது. அப்புறம் உன் இஷ்டம்பா."

"ஓ மா! கீ ஷர்போனாஷ்!" (ஐயோ, என்ன சர்வநாசம்!) என்று பின்னாலிருந்த வங்காளிப் பெண்கள் கன்னத்தில் கை வைத்தார்கள்.

மாணிக்கத்தின் முகம் வெளிறியது. "மகேசு... உன் தோட்டை அடகு வெச்சிரலாமா?"

மகேஸ்வரி நேராக மேசைக்குப் போய் இரண்டு போன்களையும் இடம் மாற்றி வைத்தாள்.

"இப்ப பிடிங்க சாமி."

"ஒரு தடவைதான் உத்தரவு கேக்கணும். மறுபடி கேட்டா கிரகம் கோவிச்சுக்கும்."

"என் புள்ளை காது விஷயம் சாமி. கோவிச்சா நான் சமாதானம் பண்ணிக்கிறேன். பிடிங்க."

கூட்டமும் "தொருன், தொருன்!" என்று, பிடிக்கச் சொல்லி வங்காளியில் கத்தியது. வேறு வழியின்றிச் சித்தர் பிடித்தார். வலப்பக்கம் வந்த சாதாப் போன்மேல் குண்டு துள்ளியது. இடப்பக்கம் போன ஒன்பதாயிரத்தின்மேல் அது அசையவே இல்லை.

மகேஸ்வரி அந்தப் போனையும் எடுத்துவிட்டு, தட்சிணைத் தட்டிலிருந்த வாழைப்பழத்தை அங்கே வைத்தாள். சித்தர் முனகிக்கொண்டே மறுபடி பிடித்தார். குண்டு வாழைப்பழத்தின்மேலும் ஜோராக ஆடியது.

"வாழைப்பழம்தான் எனக்கு ராசியாம். இதுல சிம் கார்டை எங்க சாமி போடுறது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் சிவப்புப் பட்டுத் துணியை உருவினாள். வலப்பக்கப் பலகையைக் குடைந்து, பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைப் பதித்திருந்தார்கள். 'செப்பு'க் குண்டு அதில் டக்கென்று ஒட்டிக்கொண்டது. செம்பு பூசிய இரும்பு!

கடைக்காரர் பாபு ஷட்டரை இறக்க ஓடினார். ஏற்கெனவே கலர் போன் வாங்கிய நாலு பேர் அவர் சட்டையைப் பிடித்தார்கள். சித்தர் புலித்தோலை விட்டுவிட்டுப் பின்வாசலில் மறைந்தார்.

மாணிக்கம் தம்பதி வேறு கடையில் சாதாப் போனே வாங்கினார்கள். மூன்றாவது வாரம் அதிலிருந்து துறைமுக ஆபீசுக்கு ஒரு அழைப்பு போனது. அவன் ஓடி வந்தான். பெண் குழந்தை. தெருக்கோடியில் ஈயம் பூசுகிறவன் சத்தத்துக்கே வீல் என்று அழுகிறது, காது அவ்வளவு கூர்மை.

சித்தர் இப்போது ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த சால்ட் லேக் பகுதியில் கம்ப்யூட்டருக்கு ராசி பார்க்கிறாராம். அங்கே படித்தவர்கள் அதிகம்; ஆகவே வரிசையும் நீளம். அந்த வரிசையில் நிற்கும் கனவான்களே, கேள்வி கேட்க நிமிடக் கட்டணம் கிடையாது. ஒருமுறையாவது கேட்டுத் தொலையுங்கள்!