பின்பக்கக் கேமரா வாங்கிய விவரம், மைத்துனர் கவனத்துக்கு

தேயிலைத் தோட்டக் குடியிருப்பு,
தானா ராத்தா.
வியாழக்கிழமை.

ஈப்போவில் வசிக்கும் மதிப்புக்குரிய மைத்துனர் சசிதரன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை திலகத்தின் கணவனும் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியுமான ஹரிதாஸ் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் மழைக்கும் குளிருக்கும் ஈடுகொடுத்துச் சுகமாக இருக்கிறோம். அங்கே தாங்களும், தங்கள் துணைவியாரும், ஞாயிற்றுக்கிழமை பரிசம் நடக்கவிருக்கும் தங்கள் மகளும் என் மருமகளுமான ரூபினியும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

சென்ற வாரம் நீங்கள் திலகத்துடன் தொலைபேசியில் பேசியதை நான் ஒட்டுக்கேட்கவில்லை. அவள் சமையலறையில் ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு பேசினாள், நான் கூடத்தில் இருந்தேன், வீடு சிறியது. "பாவம் மாப்ள, வயசாச்சு, கோஸ்தான் அடிக்க முடியலன்னா காடிய விட்டுடச் சொல்லு லா" என்று நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. எனக்கு ஐம்பத்து நான்கு வயது. உங்களைவிட இரண்டு வயது இளையவன். காரைப் பின்னோக்கி எடுப்பதை, அதாவது நீங்கள் சொல்லும் கோஸ்தானை, முப்பது ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். நீங்கள் தங்கையின் வாயால் மட்டும் கேட்டவர் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் யாரும் தனியாகக் காரைப் பின்னோக்கி எடுப்பதில்லை என்பது உங்களுக்கு மறந்திருக்கலாம். ஒருவர் பின்னால் போய் நின்று டிக்கியைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் வரலாம், இரண்டு தட்டு என்றால் நிறுத்த வேண்டும். எங்கள் காருக்கு இருபத்தாறு வருடமாகத் தட்டுபவள் திலகம். மூடுபனியில் கை தெரியாத நேரத்திலும் இறங்கிப் போய்த் தட்டுவாள், காரில் ஒரு கீறல் விழுந்ததில்லை. மூன்று வாரத்துக்கு முன் கியா பார்ம் காய்கறிச் சந்தையில் முட்டைக்கோஸ் வாங்கிவிட்டுக் கிளம்பும்போது நாகரத்தினம் அங்கே வந்தார். கோயில் செயலாளர் பதவியை இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் என்னிடமிருந்து தட்டிப்பறித்த அதே நாகரத்தினம். யாரும் கேட்காமலே உதவிக்கு வந்து அவரும் டிக்கியில் கைவைத்தார். திலகம் ஒரு தட்டு, அவர் ஒரு தட்டு. மொத்தம் இரண்டு என்று நான் நின்றேன். மறுபடி ஆளுக்கு ஒரு தட்டு, மறுபடி நின்றேன். பின்னால் காய்கறி லாரிக்காரன் ஹாரனை அழுத்தியபடி இருந்தான். சரி, இன்றைக்கு இரண்டு தட்டு என்றால் வரலாம் என்று பொருள் போலும் என, படித்தவன் எவனும் எடுக்கக்கூடிய முடிவை எடுத்தேன். அந்த நேரம் பார்த்துத் திலகம் தனியாக இரண்டு தட்டினாள்.

பின்சக்கரங்கள் வடிகாலில் இறங்கின. திறந்துகொண்ட டிக்கியிலிருந்து பன்னிரண்டு முட்டைக்கோஸ்கள் பிரிஞ்சாங் போகும் சாலையில் எங்களுக்கு முன்பாகவே புறப்பட்டுப் போயின. திலகம் சேற்றைத் துடைத்துக்கொண்டு, "இனிமே நான் பின்னால நிக்க மாட்டேன். இந்தக் காடியில ஏறவும் மாட்டேன். கேமரா மாட்டுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றாள். அன்று முதல் சந்தைக்கும் கோயிலுக்கும் நாகரத்தினத்தின் பிக்கப்பில், அவர் மனைவியோடு போய்வருகிறாள். அந்த வண்டியில் கேமரா இருக்கிறதாம். ரூபினியின் பரிசத்துக்கும் அதிலேயே வருவதாகச் சொல்லிவிட்டாள். மூன்று வாரமாக என் பக்கத்துச் சீட்டில் அலுவலகக் கோப்புகள்தான் உட்கார்ந்து வருகின்றன. உங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் நான் அவளை வேறொருவர் வண்டியில் அனுப்பியதில்லை, என்னை மூன்றாம் பந்தியில் உட்காரவைத்த உங்கள் கிரகப்பிரவேசம் உட்பட.

ஆகவே முறையாக விசாரித்துக் கேமரா வாங்க இறங்கினேன். உங்கள் காரில் இருப்பதாகச் சொன்னீர்களே, நான்கு பக்கமும் காட்டும் பெரிய திரை வகை, அதை முதலில் கேட்டுப் பார்த்தேன். என் காரை விற்றால் அதில் மூன்று பக்கம் வாங்கலாம். எனக்கு வேண்டியது ஒரு பக்கம். மற்றவற்றைக் கண்ணாடி வழியாக இலவசமாகப் பார்த்துக்கொள்கிறேன். அடுத்தது ஒயர் இல்லாமல் கைப்பேசியில் படம் காட்டும் வகை, விலை மிகக் குறைவு. பிரிஞ்சாங்கில் பட்டறை வைத்திருக்கும் கருப்பையா தன் வேனில் மாட்டியிருந்ததை ஓட்டிக் காட்டினான். படம் வந்து சேர ஒரு நொடி தாமதம். பிளாஸ்டிக் வாளியை இடித்து நசுக்கிய பிறகு, திரையில் அந்த வாளி நிமிர்ந்து முழுசாக நின்றது. "இது எனக்கே சரி வரல கிராணி. ஒயர் போட்டத வாங்குங்க. நம்ம ஊரு மழையில தண்ணி உள்ள போவலன்னா அதான் நல்ல கேமரா" என்றான். அப்படியே வாங்கினேன். உள்கண்ணாடியின் மேல் மாட்டும் சிறு திரை, தண்ணீர் புகாத கேமரா, தூரம் காட்டப் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள். விலை, பரிசத்துக்கு நீங்கள் அடித்த அழைப்பிதழ்களின் செலவில் கால்வாசி கூட இராது. எங்களுக்குத் தபாலில் வந்த அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் 'திரு' இல்லை என்பதை இங்கே பெரிதுபடுத்த விரும்பவில்லை.

பூசை போடாமல் ஏற மாட்டேன் என்று திலகம் சொன்னதால் செவ்வாய்க்கிழமை மாலை தோட்டத்துக் கோயிலுக்குக் காரைக் கொண்டுபோனேன், அவள் நடந்து வந்தாள். பூசாரி விளக்குக்கும் எண் பலகைக்கும் சந்தனம் வைத்துவிட்டுத் தட்டை எடுத்தார். திலகம் கேமராவைக் காட்டி, "சாமி, புதுசா வாங்குனது அதுதான்" என்றாள். அவர் கட்டைவிரல் கனத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் காரை நிறுத்தியதும், திலகம் மூன்று வாரத்துக்குப் பிறகு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் ரிவர்ஸ் போட்டேன். திரை முழுக்க மஞ்சள், நடுவில் சிவப்பு. "என்னங்க தெரியுது?" என்றாள். எல்லாம் தெரிகிறது என்றேன். சிவப்புத் தெரிந்தால் நகரக் கூடாது என்று கையேட்டில் அச்சடித்திருக்கிறது, நான் நகரவில்லை. பத்து நிமிடம். நாகரத்தினம் ஜன்னல் அருகே வந்து, "கிராணி, பின்னால ஒரு கோழிகூட இல்ல. தைரியமா வாங்க லா" என்றார். அவர் உதவியின் பலனை ஏற்கெனவே அனுபவித்தவன் என்பதால் அசையவில்லை. கடைசியில் திலகம் இறங்கி, "கோயில் வாசல்லயே குடித்தனம் பண்ண முடியாதுங்க" என்று சொல்லி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு பூசாரிதான் தன் துண்டால் கேமராவைத் துடைத்துவிட்டார். துடைத்ததும் கோயில் மணியின் கயிற்றில் இருந்த முடிச்சுவரை தெரிந்தது. அந்தப் பத்து நிமிடமும் கேமரா சந்தனத்தைத் தெளிவாகவே காட்டியது என்பதைக் கவனிக்கவும்.

ஆகையால் உறுதியாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் மண்டபத்துக்கு எங்கள் காரில் வருகிறோம், உங்கள் தங்கை என் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். வாசலில் இரண்டு கார்களுக்கு நடுவே ஓர் இடம் விட்டுவையுங்கள், ஒரே மூச்சில் பின்னோக்கிச் செருகிக் காட்டுகிறேன். யாரும் தட்டுவதற்கு வர வேண்டாம். ரூபினிக்கு எங்கள் இருவரின் மனம் நிறைந்த ஆசிகள். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
எதையும் மனத்தில் வைத்துக்கொள்ளாத,
ஹரிதாஸ்

பி.கு.: சனிக்கிழமை காலை எழுதுவது. தபாலில் போட்டால் பரிசம் முடிந்து வரும் என்பதால் படமெடுத்துக் கைப்பேசியில் அனுப்புகிறேன். இன்று ஒத்திகைக்காகக் காரை எடுத்தேன். நாளை எத்தனை மணிக்குத் திலகத்தை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்க வந்த நாகரத்தினம், பிக்கப்பை எங்கள் வாசலில் நிறுத்தியிருந்தார். படத் தெளிவைப் பற்றி நான் எழுதியதில் ஒரு சொல்லும் மிகையில்லை. பிக்கப்பின் எண் பலகையை எழுத்து எழுத்தாகப் படிக்க முடிந்தது. கடைசி இலக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது இடித்தது. திட்டுவாள் என்று பார்த்தேன். திலகம் கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். "பஸ்ஸுல போலாங்க. நான் பக்கத்துலயே உக்காந்து வர்றேன்" என்றாள். ஆகவே இடம் விட்டுவைக்க வேண்டாம். காலைப் பேருந்தில் வருகிறோம், நிலையத்துக்கு வண்டி அனுப்பவும். பெரிய வண்டியாக இருக்கட்டும். பிக்கப்பும் கருப்பையா பட்டறைக்குப் போய்விட்டதால் நாகரத்தினமும் அவர் மனைவியும் எங்களோடுதான் வருகிறார்கள்.