ஒரு புள்ளியும் ஒரு மஃப்ளரும்

"ஜேரட், கதவைத் திறடா. சூடா மீட் பை கொண்டாந்திருக்கேன், கறி அடைச்ச பலகாரம்."

"பசிக்கல மாமா."

மெர்வ் கையில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். பசிக்கவில்லை என்று அவருடைய தங்கை மகன் சொல்லி அவர் கேட்டதே இல்லை. இருபத்து நாலு வயது, பனைமரம் மாதிரி உடம்பு, கோதுமைக் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை. அவனுக்குப் பசிக்கவில்லை என்றால் உலகத்தில் ஏதோ கோளாறு. உள்ளே சர்ரென்று ஜிப் இழுக்கும் சத்தம் கேட்டது.

"என்னடா சத்தம் அது?"

"பெட்டி கட்டறேன். மேற்கே இரும்புச் சுரங்கத்துல ஆள் எடுக்கறாங்களாம். நாளைக்குக் கிளம்பறேன். இந்த ஊர்ல இனிமே யார் மூஞ்சியிலயும் முழிக்க முடியாது."

காரணம் ஊருக்கே தெரியும். யாராபைன் ஊரின் ஆஸ்திரேலியக் கால்பந்து அணியான பெலிக்கன்ஸ் பதினேழு வருஷமாக வட்டாரப் பட்டியலின் கடைசி இடத்தைப் பட்டா போட்டு வைத்திருந்தது. இந்த வருஷம் என்ன புண்ணியமோ, ஜெயித்துக்கொண்டே வந்தது. நேற்று சனிக்கிழமை டார்கன் அணியை மட்டும் சாய்த்திருந்தால் இறுதிப் போட்டி. ஆட்டம் முடிந்து சங்கு ஊதும்போது பெலிக்கன்ஸ் இரண்டு புள்ளி பின்னால். பந்து ஜேரட்டின் கையில். இந்த ஆட்டத்தில், பறந்து வந்த பந்தைப் பிடித்தவன் சங்குக்குப் பிறகும் ஒரு உதை உதைக்கலாம். பந்து இரண்டு நெட்டைக் கம்பங்களுக்கு நடுவே போனால் ஆறு புள்ளி. கம்பத்தில் பட்டால் ஒன்றே ஒன்று.

மைதானத்தைச் சுற்றி மூக்கை வேலியில் முட்டிக்கொண்டு நின்ற கார்களில் எல்லாரும் ஹாரன்மேல் கையை வைத்துக் காத்திருந்தார்கள். பந்து ஏறியது, வளைந்தது, இறங்கியது, டொக் என்று கம்பத்தில் பட்டது. ஒரு புள்ளியில் தோல்வி. ஒரு ஹாரன்கூடக் கத்தவில்லை. மெர்வின் கார் எப்போதும் போலக் கம்பத்துக்கு நேர் பின்னால் நின்றது, அந்த டொக் அவர் நெஞ்சிலேயே பட்டது.

"ஜேரட்..." என்று ஆரம்பித்தார் மெர்வ். அந்தப் பையனை அவர்தான் வளர்த்தார். அவன் போய்விட்டால் வீடு வீடாக இருக்காது. தோளில் கிடந்த மஃப்ளரைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அந்த மஃப்ளரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். நீலமும் வெள்ளையுமாக, முழங்கால்வரை தொங்கும் கம்பளி மஃப்ளர். ஏப்ரலில் முதல் ஆட்டம் ஜெயித்த அன்று அதில் கொஞ்சம் தக்காளி சாஸ் ஒழுகிவிட்டது. சாஸ் பட்டதும் ஜெயித்ததும் ஒரே நிமிஷம். அன்றைக்கே மெர்வ் சபதம் போட்டுவிட்டார், இறுதிப் போட்டி முடியும்வரை அதில் தண்ணீர் படக் கூடாது என்று. ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆளாளுக்கு இப்படி ஒன்று வைத்திருக்கிற ஊர் அது. மெர்வுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. "மோந்து பாருடா! வேர்வை, மழை, பீர், அத்தனையும் குடிச்ச துணி. நாத்தம் வருதா? அதான் மகிமை!" என்று கண்டவர் மூக்கில் எல்லாம் அதைத் திணிப்பார். உண்மையாகவே நாறாது. நேற்று மட்டும் லேசாக ஏதோ வாடை அடித்தது. டார்கன்காரர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று அவர் நகர்ந்து நின்றுகொண்டார்.

மஃப்ளரைத் தடவிய கையோடு மெர்வின் வாயில் ஒரு பொய் வந்து உட்கார்ந்தது.

"ஜேரட், ஒண்ணு சொல்றேன், வெளியே விட்டுடாதே. உன் உதைல ஒரு குத்தமும் இல்ல. என் மஃப்ளரைத் துவைச்சுட்டாங்க."

ஜிப் சத்தம் நின்றது. "என்னது?"

"உன் அத்தைதான். வாரம் பூரா அவ அக்கா வீட்டுல இருந்துட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தா இல்ல? வந்ததும் வராததுமா தூக்கி மெஷின்ல போட்டுட்டா. பாவம், ஏதோ ஞாபகத்துல."

"ஐயையோ! அத்தையா?"

"அப்புறம் பந்து கம்பத்துல படாம என்ன பண்ணும்?"

காலடிச் சத்தம் கதவருகே வந்தது. பிறகு, "காட்டுங்க," என்றான்.

"எதை?"

"மஃப்ளரை. துவைச்சிருந்தா தெரியுமே."

மெர்வ் குனிந்து பார்த்தார். சாஸ் கறை அவரைப் பார்த்துப் பல்லிளித்தது. "கார்ல இருக்குடா. இதோ எடுத்துட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு நேராகப் பின்கட்டுக்கு ஓடினார்.

அவர் மனைவி ரேலீன் பெலிக்கன்ஸ் கிளப்புக்குக் கேக் எடுத்துக்கொண்டு முன்னாலேயே போயிருந்தாள். வாஷிங் மெஷினை மெர்வ் கல்யாணம் ஆன நாளிலிருந்து தொட்டதில்லை. எந்தப் பொத்தான் பெரிதாக இருந்ததோ அதை அழுத்தினார். மஃப்ளரை உள்ளே போடும்போது கண்ணை மூடிக்கொண்டார். அவசரத்துக்கு டிரையரிலும் போட்டு எடுத்தார். வெளியே வந்ததைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

ஜேரட் கதவைத் திறந்து அதை வாங்கிப் பார்த்தான். "மாமா, இது மஃப்ளரா? பொம்மைக்குப் போடறதா?"

"சுருங்கிடுச்சுடா."

ஜேரட் அதை மூக்கில் வைத்தான். சோப்பு வாசனை. ஒரு பெருமூச்சு விட்டான். அதோடு நேற்றைய பாரத்தில் பாதி இறங்கியது போலிருந்தது. "பாவம் மாமா நீங்க," என்று சொல்லிவிட்டு மீட் பையை இரண்டே கடியில் முடித்தான். கிளப்புக்கு வருகிறேன் என்றான். சட்டை மாற்றுகிற நேரத்தில், வெளியே விடாதே என்று கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு நண்பனுக்கு மட்டும் ஃபோன் செய்தான்.

கிளப்பில் ஊர் முழுக்கக் கூடியிருந்தது. கடைசி ஆட்டத்துக்கு மறுநாள், ஜெயித்தாலும் தோற்றாலும், ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் சேர்ந்து உட்கார்ந்து குடித்து, திட்டி, அழுது, அந்த வருஷத்துக் கணக்கை முடிப்பது வழக்கம். ஜேரட் நுழைந்ததும் நாலு பேர் ஓடிவந்து அவன் முதுகில் தட்டினார்கள். "உன் தப்பு இல்லடா!" என்றார்கள். மெர்வுக்கு உள்ளம் குளிர்ந்தது.

அப்புறம்தான் ரேலீனைப் பார்த்தார். தேங்காய்த் துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக்குகள் தட்டில் அடுக்கியபடியே இருந்தன. வழக்கமாக அந்தத் தட்டு மேஜையைத் தொடுவதற்குள் காலியாகிவிடும். இன்றைக்கு ஒரு கைகூட நீளவில்லை.

"மெர்வ், நான் என்ன பண்ணிட்டேன்? வணக்கம் சொன்னாக்கூட மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க!" அவள் குரல் உடைந்தது.

பக்கத்தில் மைதானத்துக் கேன்டீன் நடத்தும் கிளெனிஸ் நின்றிருந்தாள். இருவரும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள்.

"என்ன பண்ணினியா? ஏண்டி ரேலீன், இன்னும் ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா? அந்த மஃப்ளரைப் போய்த் துவைச்சிருக்கியே! உனக்கே அடுக்குமா?"

ரேலீனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே சமையலறைக்குப் போய்விட்டாள்.

மெர்வுக்குச் சுருக்கென்றது. செய்யாத குற்றத்துக்கு எப்படி வாயடைத்துப் போகிறாள், பார்! உண்மையைச் சொன்னால் பழி மறுபடியும் அந்தப் பையன் தலையில் விழும், நாளைக்குக் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். சொல்லாவிட்டால் ரேலீன் இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரே வழிதான் இருந்தது. நாற்காலிமேல் ஏறினார்.

"கேளுங்கப்பா! ரேலீன் மேல ஒரு தப்பும் இல்ல. துவைச்சது நான்தான்!"

கிளப் தலைவர் டெஸ், கறிக்கடைக்காரர், கையிலிருந்த பீரைக் கீழே வைத்தார். "நீயா? நீ மெஷினைத் தொட்டியா?"

"வெள்ளிக்கிழமை ராத்திரி. பெரிய ஆட்டம் ஆச்சே, சுத்தமாப் போகலாம்னு..." மஃப்ளரைத் தூக்கிக் காட்டினார்.

"நேத்து முழங்கால் வரைக்கும் தொங்கிச்சேடா!"

"தோத்த துக்கத்துல ராத்திரியோட ராத்திரியாச் சுருங்கிடுச்சு."

ஆச்சரியம் என்னவென்றால், அதையும் நம்பினார்கள். நாலைந்து பேர் உச்சுக்கொட்டினார்கள். டெஸ் மட்டும் முறைத்தார்.

"மெர்வ், உன்னை நான் தம்பி மாதிரி நெனைச்சேன். கம்பத்துக்குப் பின்னால கார் நிறுத்துவியே, அந்த எடம் இனிமே உனக்கில்ல. அடுத்த வருஷம் கழிப்பறைப் பக்கம் போட்டுக்கோ."

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அது மெர்வின் அப்பா பிடித்து வைத்த இடம். மெர்வ் ஜேரட்டைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"எடுத்துக்கோ," என்றார்.

அதற்குமேல் கிளெனிஸுக்குத் தாங்கவில்லை. "அவனை விடு டெஸ்! பழைய சாஸ் தீந்துபோச்சுன்னு நேத்து மீட் பைக்கு வேற சாஸ் ஊத்தினேன். யாருக்கும் தெரியாதுன்னு பழைய பாட்டில்ல ஊத்திவெச்சேன். தோத்தது என்னாலதான்."

"அது ஒண்ணுமே இல்ல," என்றார் ஆட்டத்துக்குக் கடிகாரம் பார்க்கும் ஹக். "மூணாவது கால் பகுதி ஆட்டத்துல நான் எப்பவும் ஒண்ணுக்குப் போவேன். போனா நம்ம ஆளுங்க கோல் போடுவாங்க. நேத்து ஆட்டம் சுவாரசியமா இருந்துச்சேன்னு அடக்கிட்டேன்."

"அடப்பாவி மனுஷா!"

எல்லார் கண்ணும் டெஸ்ஸின் பக்கம் திரும்பியது. டெஸ்ஸின் காது சிவந்தது. "நான்... கோப்பை வைக்க ஒரு அலமாரி செஞ்சேன். போன வாரமே. கண்ணாடிக் கதவு போட்டு."

"ஐயோ! ஆடறதுக்கு முன்னாடியா?" என்று ஊரே அலறியது.

அப்புறம் சந்தைக்கடைதான். என் தப்புதான் பெரிசு, உன் தப்பெல்லாம் ஒரு தப்பா என்று ஆளாளுக்கு மல்லுக்கட்டினார்கள். "சாஸ் வெறும் சாஸ்டி! என் அலமாரி எட்டடி!" என்று டெஸ் கத்தினார். "உன் அலமாரி என் மூத்திரத்துக்குச் சமானம் ஆகுமா?" என்று ஹக் எகிறினார்.

"போதும் நிறுத்துங்க!"

ஜேரட் பெஞ்சுமேல் நின்றான். முகத்தில் சிரிப்பும் இருந்தது, கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"உதைச்சது நான். சாஸ் உதைக்கல, அலமாரி உதைக்கல. எல்லைக்கோட்டு ஓரம், எதிர்காத்து. அங்கேயிருந்து எவனும் உதைக்கவே மாட்டான். நான் உதைச்சுக் கம்பத்தைத் தொட்டேன். பதினேழு வருஷமா கம்பம் எந்தப் பக்கம்னே தெரியாத டீம் இது!"

கிளப்பே சிரித்தது.

"டார்கன்காரன் எப்படி நின்னான், பாத்தீங்கல்ல? சாமி கும்பிட்டுக்கிட்டு நின்னான்! நம்மளைப் பாத்துப் பயந்துபோய் நின்னான்! அடுத்த வருஷம் அதே எடத்துலேர்ந்து உதைக்கறேன், இருந்து பாருங்க."

"அப்போ சுரங்கம்?" என்றார் மெர்வ்.

"சுரங்கம் எங்க மாமா ஓடிடப் போகுது?"

டெஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு கிளப் பாட்டை ஆரம்பித்தார். கிளெனிஸ் அவர் கையைப் பிடித்தாள். "ஜெயிச்சாத்தானே பாடணும்?"

"இன்னிக்குப் பாடாம பின்ன என்னிக்குப் பாடறது?"

பாடினார்கள். பாதிப் பேருக்கு இரண்டாவது அடி மறந்துபோயிருந்தது, ஆனாலும் கூரை அதிர்ந்தது. நாலு பேர் வெளியே ஓடி, நேற்று அடிக்காத ஹாரனை எல்லாம் சேர்த்து அடித்தார்கள். தோற்ற அணிக்கு அந்த ஊர் அப்படி ஒரு ஆரவாரம் செய்து மெர்வ் பார்த்ததில்லை. இந்த ஊரில் பிறந்ததற்கு நெஞ்சு நிமிர்ந்தது. டெஸ் அவரைக் கட்டிக்கொண்டு, "எடம் உன்னோடதுதாண்டா," என்று காதில் சொன்னார். கிளெனிஸ் சமையலறையிலிருந்து எடுத்துவந்த லாமிங்டன் தட்டு இரண்டு நிமிஷத்தில் காலியானது.

கூட்டம் கொஞ்சம் அடங்கியதும் மெர்வ் சமையலறைக்குப் போனார். ரேலீன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் தோளில் கிடந்த குட்டி மஃப்ளரைத் தொட்டுப் பார்த்தாள்.

"வெந்நீர்லயா போட்டே?"

"ஆமா போல."

"கம்பளியை யாராவது வெந்நீர்ல போடுவாங்களா? பச்சைத் தண்ணில, கையால கசக்கணும்."

"ரேலீன், என்னை மன்னிச்சுடு. அந்தப் பையன் ஊரை விட்டுப் போயிடக் கூடாதேன்னு உன் பேர்ல பொய் சொல்லிட்டேன். இன்னிக்குக் காலைலதான் நானே துவைச்சேன். நேத்து ஆட்டத்துக்கு நான் போட்டுக்கிட்டுப் போனது துவைக்காத மஃப்ளர்தான்."

ரேலீன் குழாயை மூடினாள். வெளியே யாராவது கேட்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.

"தெரியும் மெர்வ். ஏப்ரல்லேர்ந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் நீ தூங்கினப்புறம் அதைக் கசக்கிக் காயவெச்சு, அதே எடத்துல அதே சாஸைத் திரும்பத் தடவிவெச்சவ நான்தான். இந்த ஒரு வாரந்தான் அக்கா வீட்டுக்குப் போய்த் தொலைச்சுட்டேன்!"