சணப்பு முசியே

சணப்புச் செடியை நினைத்து உருகிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், புதுச்சேரி விவசாய ஆபீசில், அவருக்குப் பக்கத்து மேசை எனக்கு வாய்த்தது.

நெல்லுக்கு முன்னால் சணப்பு விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுதால் மண் கெடாது. இதைச் சொல்லியே ‘சணப்பு முசியே’ ஆனார்; முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. ரொட்டிக் கடையில் நின்றாலும் இதே பேச்சு. கடைக்காரர் முசியே தலை தெரிந்ததுமே ரொட்டியை வெளியே நீட்டிவிடுவார்.

ஒருநாள் பிரெஞ்சுத் துரை கூப்பிட்டார். இந்த வருஷமும் யாரும் விதைக்காவிட்டால் வேலை போய்விடும் என்றார். முசியே கோட்டும் பூட்சுமாகக் கருவடிக்குப்பம் கிராமத்துக்குப் போய்க் கூட்டம் போட்டார்.

“மண்ணுக்கும் பசிக்கும்!” என்று கர்ஜித்தார்.

“எங்களுக்கும் பசிக்குது முசியே, சீக்கிரம் முடிங்க” என்றார் அந்த ஊர் விவசாயி கோவிந்தசாமி.

இலவச விதை என்றபோது மட்டும் தள்ளுமுள்ளு. முசியே ஆனந்தத்தில் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். பூக்கும் சமயம் போய்ப் பார்த்தால், ஊர் மாடெல்லாம் பளபளவென்று இருந்தன.

“கோவிந்தசாமி, சணப்ப மடக்கி உழுதியா?”

“எங்க உழுவறது? மாடே மடக்கிடுச்சி!”

விதைத்ததாகக் கணக்கு இருந்ததால் வேலை தப்பியது; ஆனாலும் அன்றிரவு முசியே சாப்பிடவில்லை. மறு வருஷம் அதே ஊரில் ஒரு துண்டு வயலைத் தானே குத்தகைக்கு எடுத்து விதைத்தார். மஞ்சளாகப் பூத்து நின்றதை உழப் போனபோது ஊரே வந்து வரப்பில் நின்றது. “பூத்த பயிரயா உழுவறீங்க? நல்லாருப்பீங்களா?” என்று சாபம்கூட விழுந்தது. ஏர் ஓடி முடிக்கும்வரை முசியே வயல் பக்கம் திரும்பவேயில்லை.

நடவுக்கு, ஊரில் கூலிக்கு நாற்று நடும் அஞ்சலையும் அவள் கூட்டாளிகளும் இறங்கினார்கள். சேறு அரைத்த மாவு மாதிரி இருந்தது. அடுத்த போகத்தில் கோவிந்தசாமி நடவுக்குக் கூப்பிட்டபோது அஞ்சலை சொன்னாள்: “ஒங்க கட்டாந்தரையில நட்டு வெரலு வீங்குது. சணப்பு உழுத வயலுன்னா வரோம். இல்லன்னா நீங்களே நட்டுக்குங்க.”

அவ்வளவுதான். ஊர் முழுக்கச் சணப்பு!

முசியேவுக்குச் சந்தோஷமே இல்லை. “நான் சொன்ன காரணத்துல இது ஒண்ணுகூட இல்லையேப்பா!” என்று என்னிடம் புலம்பினார்.

துரை வந்து பார்த்தார். “உங்கள் பிரசங்கத்தின் வெற்றி!” என்று கை குலுக்கினார்.

“இல்ல முசியே, இந்தப் பொம்பளைங்க வெரலுதான் காரணம்” என்று மன்றாடினார் நம்மவர். துரை அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். யாரும் கேட்காத அந்தப் பிரசங்கத்தை அச்சடித்து ஊர் ஊராக அனுப்பினார். இப்பேர்ப்பட்ட பேச்சாளர் காரைக்காலுக்கும் வேண்டும் என்று அவரையும் அனுப்பிவிட்டார்.

மறுநாள் ஆபீசில் சத்தமே இல்லை. இனிமேல் நிம்மதியாக வேலை பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். சாயங்காலம்வரை கை ஓடவேயில்லை.