சேய்மலையின் வல்லவர்கள்

மூன்று ஆறுகள் அருகருகே ஓடும் சமவெளியில் மூன்று நாடுகள் இருந்தன. மேற்கே சேய்மலை, நடுவே ஆற்றிடை, கிழக்கே கடலோரமாக உப்பளம். மூன்றுக்கும் படை உண்டு, கொடி உண்டு, மற்ற இரண்டும் தன்னைவிடப் பின்தங்கியவை என்ற அசையாத நம்பிக்கையும் உண்டு.

சேய்மலையின் தலைநகரில், கோட்டை நின்ற குன்றின் அடிவாரத்தில், பழகுமனை என்று ஒரு வீடு இருந்தது. அதை நடத்தியவள் நன்னாகை. மருத்துவம் படித்தவள்தான், ஆனால் மருந்து கொடுப்பதில்லை. பக்கவாதம் வந்தவர்கள், போரில் கையை இழந்தவர்கள், பிறவியிலேயே கால் வளைந்தவர்கள் அவளிடம் வருவார்கள். மற்ற வைத்தியர்கள் நோயைப் பார்த்து முடித்த பிறகு மிச்சமிருக்கிற வாழ்க்கையை அவள் பார்ப்பாள். ஒரே கையால் சட்டை மாட்டுவது, நடுங்கும் விரல்களால் சோற்றை வாய்க்குக் கொண்டுபோவது, யாரையும் கூப்பிடாமல் கொல்லைப்புறம் போய் வருவது எல்லாம் அங்கே பாடங்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி தாழை. சந்தையில் கூழ் விற்றவள். ஒரு நாள் காலையில் அடுப்பு மூட்டக் குனிந்தவளுக்கு வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. தம்பி அவளை முதுகில் சுமந்துகொண்டு வந்து இறக்கியபோது அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நன்னாகை அவளிடம் கை கால் பற்றி எதுவும் கேட்கவில்லை. கூழுக்கு எந்தப் பதத்தில் மோர் ஊற்ற வேண்டும் என்று கேட்டாள். சுவரைப் பார்த்தபடியே பதில் வந்தது. அங்கிருந்து தொடங்கினார்கள். அகப்பைக் காம்பில் துணியைச் சுற்றித் தடிமனாக்கினார்கள். கலயம் நழுவாமலிருக்க அடியில் ஈரத்துணி விரித்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் தாழை ஒரு கலயம் கூழைச் சிந்தாமல் ஊற்றி நன்னாகையிடம் நீட்டினாள்.

"உப்பு கம்மி, அக்கா" என்றாள் நன்னாகை குடித்துவிட்டு.

அன்றைக்குத்தான் தாழை முதன்முதலாகச் சிரித்தாள்.

இந்தச் சமயத்தில் மூன்று நாட்டு அரசவைகளும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தன. உடல் இயலாதவர்கள் மூன்று நாடுகளிலும் எப்படி வாழ்கிறார்கள், அவர்களுக்கு என்ன சிகிச்சை கிடைக்கிறது என்று கூட்டாக ஆராய்வது, எந்த நாடு சிறந்ததோ அதைப் பார்த்து மற்றவை கற்றுக்கொள்வது. செய்தி கேட்டு நன்னாகை மகிழ்ந்துபோனாள். தனக்குத் தெரியாததை ஆற்றிடைக்காரர்களும் உப்பளத்துக்காரர்களும் சொல்லித் தருவார்கள் என்று நினைத்தாள்.

சேய்மலையின் நலத்துறை மந்திரி பெருநம்பி வேறு மாதிரி நினைத்தார். அவருக்கு முதலிடம் வேண்டும். அதற்கு மிக விரைவான வழி எது என்று ஒரு வாரம் யோசித்து, அரசர் பெயரில் முதல் ஆணையை முரசறைந்தார். 'இயலாதவர்' என்ற சொல் நாட்டை விட்டு நீக்கப்படுகிறது. இனி அவர்கள் எல்லோரும் 'வல்லவர்'.

மக்கள் கைதட்டினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் சந்தை வாசலில் இருந்த சாய்தளத்தை இடித்துவிட்டு அங்கே பழையபடி படிகள் கட்டினார்கள். வல்லவருக்குச் சாய்தளம் எதற்கு என்று மேஸ்திரி கேட்டார். பழகுமனைக்கு ஆட்களை ஏற்றி வந்த அரசாங்க வண்டியும் நின்றுபோனது. நன்னாகை மூச்சிரைக்கக் குன்றேறி மந்திரியைப் பார்த்தாள்.

"வண்டி இல்லாம அவங்களால வர முடியலைங்க ஐயா."

"முடியவில்லை என்னும் சொல்லும் அந்த ஆணைக்குள் அடங்கும், அம்மணி" என்றார் பெருநம்பி கனிவாக. "தாங்கள் இனி அவர்களுக்கு எதையும் பயிற்றுவிக்க வேண்டாம். வல்லவருக்குக் கற்றுக்கொடுப்பது அவர்களை இழிவுபடுத்துவதாகும். காலையும் மாலையும் அவர்களை வாழ்த்தினால் போதுமானது."

"வாழ்த்தினா சட்டை மாட்டிக்க வருமாங்க?"

"மனம் நிறையும்."

அடுத்த ஆணை, குறையுள்ளவர்கள் யாராயினும் குன்றின் மேலுள்ள மன்றத்துக்கு நேரில் வந்து முறையிடலாம் என்றது. படிகளில் தவழ்ந்து ஏறி வந்தவர்களிடம், ஏறத்தான் முடிகிறதே என்றார்கள். தாழையை அவள் தம்பி தூக்கிக்கொண்டு போனான். தூக்கிவர உறவு இருக்கும்போது அரசிடம் என்ன குறை என்று அவளைத் திருப்பி அனுப்பினார்கள். வராதவர்கள் நிறைவாக வாழ்கிறார்கள் என்று அறிவித்தார்கள்.

பிறகு தேர்தல் வந்தது. அரசவையில் வல்லவர்களுக்கென ஓர் உறுப்பினர். ஓயாது அலைந்து தொண்டு செய்ய வேண்டிய பதவி என்பதால் திடகாத்திரமானவர் மட்டுமே போட்டியிடலாம் என்று விதி. மந்திரியின் மருமகன் ஒரு பயில்வான். தேர்தல் கூட்டங்களில் அவன் நொண்டி நடந்து காட்டியபோது சிலர் கண் கலங்கினார்கள். வாக்குச்சாவடி மாடியில் இருந்தது. போட்டியே இல்லாததுபோல அவன் வென்றான்.

ஆராய்ச்சிக் குழு வருவதற்கு முன் பழகுமனைக்கு வெள்ளையடித்தார்கள். கோட்டைக் காவலர்கள் சிலர் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு திண்டில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். உண்மையில் அங்கே பழகியவர்கள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று உத்தரவு. நன்னாகை வாயைத் திறந்தால் பழகுமனைக்குப் பூட்டு என்று பெருநம்பி தெளிவாகச் சொல்லியிருந்தார்.

குழுவின் தலைவி உப்பளத்திலிருந்து வந்த அலரி. கக்கத்தில் இரண்டு ஊன்றுகோல்கள், சூம்பிய கால்கள், யாரையும் விட்டுவைக்காத கண்கள். அவளைப் பார்த்ததும் நன்னாகைக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவளைப் போன்ற ஒருத்தியை ஆய்வுக்குத் தலைவியாக்கிய நாடு எங்கே, நாம் எங்கே என்று நினைத்தாள்.

அலரி ஒரு காவலனிடம் சட்டையைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொன்னாள். அவன் சும்மா இருந்திருக்கலாம். கட்டுப் போட்ட கையாலேயே லாகவமாக மாட்டிக் காட்டினான். பெருநம்பி கைதட்டினார்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கோட்டைக்குக் கிளம்பினார்கள். படியேற நேரமாகும், நீங்கள் முன்னால் போங்கள் என்று சொல்லி அலரி பின்தங்கினாள்.

"இங்க நிஜமா பழகினவங்க எங்க இருக்காங்க, அக்கா?" என்று கேட்டாள்.

நன்னாகை வெள்ளையடித்த சுவரைப் பார்த்தாள். இந்த வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால் சும்மா இருக்க வேண்டும். ஆனால் ஆட்களே வராத வீட்டைக் காப்பாற்றி என்ன செய்வது என்றும் தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அலரி பின்னாலேயே வந்தாள்.

தாழையின் வீடு சந்தைக்குப் பின்புறச் சந்தில். பல மாதங்களாகப் பழக்கம் விட்டுப்போனதால் அவள் வலக்கை மறுபடியும் மடங்கிப்போயிருந்தது. ஆனாலும் வந்தவளுக்குத் தன் கையால்தான் ஊற்றுவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். பாதிக் கூழ் தரையில் கொட்டியது. அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அலரி மீதிப் பாதியை வாங்கி நிதானமாகக் குடித்தாள்.

"உங்க நாட்டுல இப்படி இருக்காது, இல்லம்மா?" என்றாள் தாழை. "உன்னைப் போலவங்க ஊர் ஊரா போய் ஆராய்ச்சி பண்றீங்க. கொடுத்து வச்சவங்க."

அலரி காலிக் கலயத்தைக் கீழே வைத்தாள்.

"எங்க நாட்டுலயும் ஒரு பழகுமனை இருந்துச்சு. பூட்டிட்டாங்க. மத்தவங்க எல்லாரும் வீட்டுக்குள்ளதான் கிடக்காங்க. வெளிய விட்ட ஒரே ஆள் நான்தான். எந்த நாடு கேட்டாலும் என்னைத்தான் அனுப்பிக் காட்டுவாங்க." ஊன்றுகோலைத் தரையில் ஒருமுறை தட்டினாள். "ஆற்றிடைக்குப் போனப்பவும் கட்டுப் போட்ட காவலாளிங்களத்தான் பார்த்தேன். உங்க ஆளுங்க பரவாயில்ல. அங்க ஒருத்தன் கையில போட வேண்டிய கட்டை மாத்திக் கால்ல போட்டிருந்தான்."

மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் இதை அப்படியே சொல்லப்போறேன்" என்றாள் அலரி. "மூணு நாட்டைப் பத்தியும். எங்களதையும் சேர்த்து. அதுக்கப்புறம் நான் ஊருக்குத் திரும்ப முடியாது."

"இங்க வந்துடு" என்றாள் தாழை. "ஒரு ஆள் படுக்க இடம் இருக்கு."

அலரி சொன்னபடி செய்தாள். மூன்று நாட்டு மந்திரிகளும் கூடிய அவையில் எழுந்து நின்று, தான் பார்த்ததையும் தனக்குக் காட்டப்பட்டதையும் தனித்தனியாகச் சொன்னாள். வரலாற்றிலேயே முதன்முறையாக மூன்று மந்திரிகளும் ஒத்த கருத்துக்கு வந்தார்கள்.

"ஆய்வாளருக்கு ஆய்வுப் பொருளில் சொந்த நலன் இருக்கிறது" என்றார் பெருநம்பி. "நடக்க இயலாத ஒருவர் நடக்க இயலாதவரைப் பற்றி நடுநிலையோடு எவ்வாறு பேச முடியும்? இனி இத்தகைய ஆய்வை முழு உடல் வலிமை படைத்தோர் மட்டுமே மேற்கொள்ள வேண்டும்."

விலக்கப்பட்ட சொல்லை அவரே இரண்டு முறை சொன்னதை யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மூன்று நாடுகளும் முதலிடம் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. மூன்று தலைநகரங்களிலும் வாணவேடிக்கை நடந்தது. பழகுமனைக்குப் பூட்டுப் போட்டார்கள்.

நன்னாகை சில நாள் முடங்கிக் கிடந்தாள். பிறகு ஒரு காலை தாழையின் தம்பி வந்து கூப்பிட்டான். சந்தைப் படிகளுக்கு வெளியே, தெரு ஓரத்தில், தாழை மறுபடியும் கடை போட்டிருந்தாள். உள்ளே போகத்தான் படியேற வேண்டும், வெளியே உட்கார எந்த ஆணையும் தேவையில்லை என்றாள். பக்கத்தில் அலரி காசு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். நன்னாகை வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். கூழ் குடிப்பதுபோல வந்து கலயம் பிடிக்கப் பழகினார்கள். சில்லறை எண்ணுவதுபோல விரல் நீட்டப் பழகினார்கள். ஆற்றிடையிலிருந்துகூட ஒருவர் பரிசலில் வந்து போனார். காவலர்கள் கடந்து போகும்போது எல்லோரும் குடித்துக்கொண்டிருப்பார்கள். கூழ் குடிப்பது குற்றமில்லை.

அடுத்த கோடையில், சந்தை கலைந்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், திரை போட்ட பல்லக்கு ஒன்று கடை முன்னால் வந்து இறங்கியது. கூடவே வந்த அரண்மனை அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அரண்மனையில் எவருக்கும் எக்குறையும் இல்லை என்பதை முதற்கண் தெளிவுபடுத்துகிறேன். ஆயினும், ஒருவருடைய வலக்கை தன் வேலையை மறந்திருக்குமானால், நாவும் சொற்களைச் சற்றே மறந்திருக்குமானால், அவற்றைப் பழக்க எவ்வளவு காலம் ஆகும்?"

"எப்ப மறந்துச்சு?" என்று கேட்டாள் நன்னாகை.

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். அது வல்லவர் ஆணை வருவதற்கும் முந்தைய காலமாக இருந்தது.

தாழை அகப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப இத்தனை ஆணையும் போட்டது யாரு?"

அதிகாரி பல்லக்கைப் பார்த்தார். திரை விலகி ஒரு கை வெளியே வந்தது. அரச முத்திரை பொறித்த மோதிரம் தளர்ந்து தொங்கியது. விரல்கள் உள்நோக்கி மடங்கியிருந்தன. யாரும் தொட்டுப் பழக்காத கை அப்படித்தான் ஆகும் என்று நன்னாகைக்குத் தெரியும். அவளுக்கு ஆத்திரம் வந்தது. பூட்டிய வீடும், படிகளில் தவழ்ந்தவர்களும், ஊரை இழந்த அலரியும் நினைவுக்கு வந்தார்கள். ஆனாலும் அந்தக் கை அவள் முன்னால் நீண்டபடியே இருந்தது. அவள் அதைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்துக்கொண்டாள்.

திரைக்குள்ளிருந்து 'ம' என்று ஒரு ஓசை வந்தது. நின்றது. மறுபடியும் 'ம' என்றது.

மன்னிப்பு என்று சொல்ல வருகிறாரா, மந்திரி என்று சொல்ல வருகிறாரா என்று விளங்காமல் அதிகாரி வெளிறிப்போய், "புறப்படலாம், பொழுதாகிறது" என்றார்.

கடையில் இருந்தவர்கள் யாரும் அசையவில்லை. ஒரு சொல் வெளியே வர எவ்வளவு பாடுபடும் என்று அந்த நாட்டில் அவர்களுக்குத்தான் தெரியும்.

"அவசரமில்ல சாமி" என்றாள் தாழை. "மெதுவா சொல்லுங்க. நாங்க இருக்கோம்."