கவுன்ட்டர்காரரின் முதல் வாடிக்கையாளர்

எந்த மெஷின் தன்னை வேலையை விட்டுத் துரத்தியதோ, அந்த மெஷினின் குடுமியையே பிடித்து ஆட்டிவைப்பது என்று கவுன்ட்டர்காரர் முடிவு செய்தார். முடிவு செய்ததோடு விட்டிருக்கலாம். கூடத்தில் தைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் போய் அதை அறிவித்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பஸ் ஸ்டாண்டில் பத்தொன்பது வருஷம் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர் அவர். உள்ளங்கை அகல ஓட்டை வழியாகவே உலகத்தைப் பார்த்தவர். முகத்தை வைத்து யாரையும் அவருக்கு அடையாளம் தெரியாது. கையைக் காட்டினால் எந்த ஊருக்கு என்று சொல்லிவிடுவார். ஒரு நாள் காலை அவர் போனபோது, கவுன்ட்டர் இருந்த இடத்தில் ஒரு நீலப் பெட்டி நின்றது. தொட்டால் டிக்கெட் துப்பியது. சில்லறை இல்லை என்று சொல்லவில்லை. டீ குடிக்கப் போகவும் இல்லை. அதனுடன் எப்படிப் போட்டி போடுவது?

"புரோகிராமிங் கத்துக்கப் போறேன். ஆறே மாசம்! அப்புறம் பாரு," என்றார்.

மனைவி வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டிருந்தாள். எடுத்துவிட்டுக் கேட்டாள். "எதைப் பாக்கணும்?"

"கம்ப்யூட்டர் கம்பெனியில கண்ணாடி ரூம்ல உக்காந்திருப்பேன்."

"உக்காரலைன்னா?"

"உக்காருவேன்னு சொல்றேன்ல?"

"சரி. உக்காரலைன்னா ஏழாவது மாசம் எங்கண்ணன் குடோன்ல நிப்பீங்க. மூட்டை எண்ண நம்பிக்கையான ஆள் வேணும்னு அவனும் கேட்டுக்கிட்டே இருக்கான்."

கவுன்ட்டர்காரருக்கு மூட்டையிடம் பயமில்லை. மச்சானிடம்தான் பயம். சுமை தூக்குகிறவர்கள் எல்லோரும் பார்க்க, தோளில் கை போட்டு, "நம்ம வீட்டு மாப்ளே, பாவம்" என்பார். அந்தப் 'பாவம்' காதில் விழாமல் இருக்க அவர் சீன மொழிகூடக் கற்றுக்கொள்வார்.

பழைய லேப்டாப் ஒன்று வந்தது. படுக்கையறைக் கதவில் 'தொந்தரவு செய்யாதீர்' என்று சீட்டு தொங்கியது. உள்ளே வீடியோவில் ஒருவர் சிரித்த முகத்துடன், "இது மிக மிக எளிது" என்று பாடம் நடத்தினார். கவுன்ட்டர்காரரும் தலையை ஆட்டினார். வீடியோ ஓடும்வரை எல்லாம் புரிந்தது. நிறுத்தினால் புரிந்ததும் நின்றுபோனது. எதையாவது செய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் முதல் வரியிலேயே சிவப்பு எழுத்து வந்து மிரட்டும். உடனே அதை மூடிவிட்டு அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடுவார். இப்படியே ஐந்து மாதம் போயிற்று.

நாற்பத்தொரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டார். மூன்று இடத்தில் கூப்பிட்டார்கள். மூன்று இடத்திலும், பேசிவைத்துக்கொண்டது போல, ஒரே கேள்வி.

"நீங்களே தனியாச் செஞ்சு முடிச்சது ஏதாவது இருக்கா?"

ஆரம்பித்தது பதினொன்று இருந்தது. முடித்தது? மூன்று இடத்திலும் அவர் கூரையைப் பார்த்தார். மூன்று இடத்திலும் கதவைக் காட்டினார்கள்.

மீதி இருந்தது ஒரே மாதம். வீட்டில் இப்போதெல்லாம் மனைவி அடிக்கடி அண்ணனிடம் போனில் பேசினாள். பேசி முடித்ததும் இவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்களா ஒரு விளம்பரம் போடுங்களேன்," என்றாள் ஒரு நாள். "'புரோகிராம் செய்து தரப்படும்'னு. யாராவது கேட்டா செஞ்சு முடிச்சுத்தானே ஆகணும்?"

நல்ல யோசனையாகத்தான் பட்டது. இணையத்தில் போட்டார். 'எந்தத் தொழிலுக்கும் மென்பொருள் செய்து தரப்படும். நீண்ட அனுபவம்.'

"நீண்ட அனுபவமா?"

"பத்தொன்பது வருஷம்."

"அது டிக்கெட் கிழிச்சதுல."

"எதுலன்னு நான் போடலையே!"

மறுநாளே ஒரு மின்னஞ்சல் வந்தது.

'மதிப்பிற்குரிய ஐயா, வெளியூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களின் அளவுகளையும் துணி கொடுக்கவேண்டிய தேதிகளையும் நோட்டில் எழுதி எழுதிக் குழம்பிவிட்டேன். இதற்கு ஒரு மென்பொருள் தேவை. இருபது நாளில் முடிக்கவும். கூலி கிடையாது. வேலை திருப்தியாக இருந்தால் நற்சான்றுக் கடிதம் தருவேன். இப்படிக்கு, கடை உரிமையாளர்.'

"பாத்தியா, கூலி கிடையாதாம்! வடிகட்டின கஞ்சன்!"

"நற்சான்று தர்றேன்னு சொல்றாரே. பாத்தா நல்ல மனுஷராத் தெரியுது," என்று தையல் மெஷினை ஓட்டினாள் மனைவி.

"அது சரி, தையல் கடையில என்னென்ன அளவு எடுப்பாங்க?"

மெஷின் நின்றது. "பன்னெண்டு வருஷமா உங்க கண்ணு முன்னாடிதானே எடுக்கறேன்?"

"நான் கவனிக்கலையே."

அவள் டேப்பை எடுத்து அவர் மேலேயே வைத்து, தோள், மார்பு, கை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.

ஆறு நாள் மல்லுக்கட்டி முதல் பிரதியை அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது.

'ஐயா, கையின் நீளம் இருபத்து நான்கு இன்ச். மடிப்புக்கு ஒரு இன்ச் கூட்டச் சொன்னேன். தங்கள் மென்பொருள் இருநூற்று நாற்பத்தொன்று என்கிறது. இந்தக் கையை மடித்துவிடவே இரண்டு ஆள் வேண்டும். திருத்தவும்.'

கவுன்ட்டர்காரர் வெளியே ஓடிவந்தார். "இருபத்துநாலையும் ஒண்ணையும் கூட்டச் சொன்னா பக்கத்துல பக்கத்துல ஒட்டி வச்சிருச்சு!"

"இருநூத்தி நாப்பத்தொரு இன்ச்சுன்னா இருபது அடி! பத்தொன்பது வருஷம் காசு புழங்கற இடத்துல உக்காந்தீங்க. ஒரு நாள் உங்களுக்குக் கை நீளலை. இப்பப் போயி நீண்டிருச்சே!"

"கிண்டல் பண்ணாதே. நம்பர்னு நினைச்சேன். அது உள்ளே ஸ்ட்ரிங்கா இருந்திருக்கு."

"ஸ்ட்ரிங்குன்னா?"

"எண்ணா இல்லாம, எழுத்தைக் கோத்து வச்ச சரம். நூல் மாதிரின்னு வச்சுக்கோ."

"நூல் சிக்கினா இழுக்கக் கூடாது. எங்கே ஆரம்பிச்சதோ அங்கேருந்து பிரிச்சுக்கிட்டு வரணும்."

அவர் முறைத்துவிட்டு உள்ளே போனார். வேறு வழி தெரியாததால் முதல் வரியிலிருந்து பிரித்துக்கொண்டு வந்தார். எழுபத்து மூன்றாவது வரியில் சிக்கு இருந்தது. ஐந்து மாதத்தில் முதல்முறையாக, வீடியோ இல்லாமல் ஒன்று புரிந்தது. ஆனால் வெளியே வந்து சொல்லவில்லை. மானம் போய்விடும்.

அடுத்த கடிதம் இரண்டே நாளில் வந்தது. பத்தாம் தேதிக்குக் கொடுக்கவேண்டிய துணி, இரண்டாம் தேதித் துணிக்கு முன்னால் நிற்கிறதாம். அதைத் திருத்தினால், ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் குண்டானவரின் அளவு ஒல்லியானவருக்குப் போகிறதாம். அதையும் திருத்தினால், எழுத்து எறும்பு போல் இருக்கிறதாம்.

"ஆளைக் கொல்றான்!" என்று கவுன்ட்டர்காரர் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "காலையில ஒண்ணு சொல்றான், சாயங்காலம் ஒண்ணு சொல்றான். இவன்கூட ஒருத்தி எப்படித்தான் குடும்பம் நடத்தறாளோ!"

"முதலாளி பொம்பளையா இருக்கக்கூடாதா?"

"போடி. பொம்பளைக்கு இவ்வளவு மூளை ஓடாது. இது ஏதோ வீட்டுல மதிப்பில்லாத கிழம். அந்தக் கோபத்தை என்கிட்ட காட்டுது."

மனைவி நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். "இருக்கும், இருக்கும்."

அன்று மாலை வந்த கடிதத்தில் மொத்தம் ஒன்பது திருத்தம்.

பதினெட்டாம் நாள். ஒன்பதில் ஐந்து முடிந்திருந்தது. ஆறாவதில் கை வைத்தார். முன்பு ஓடியதெல்லாம் நின்றுபோயிற்று. ஒரு வரியைத் திருத்தினால் இரண்டு வரி அழுதது. கூடத்தில் மனைவி போனில், "ஆமாண்ணே, ஒண்ணாம் தேதியே அனுப்பிடறேன்" என்பது கேட்டது. அந்தப் பயத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

'மதிப்பிற்குரிய ஐயா, என் அருமை மனைவி திடீரென்று நோய்வாய்ப்பட்டுப் படுத்த படுக்கையாகிவிட்டாள். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். கண்ணீருடன் எழுதுகிறேன். நான்கு நாள் அவகாசம் தரவும்.'

அனுப்பிவிட்டு நிம்மதியாக மூச்சுவிட்டார். கால் மணி நேரத்தில் பதில்.

'அதிர்ச்சியடைந்தேன். நான்கு நாள் தந்தேன். தங்கள் மனைவி தங்கமானவராகத்தான் இருப்பார். அவரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளவும்.'

"என்னங்க..." என்று கூடத்திலிருந்து ஒரு குரல் தீனமாக வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தார். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னமோ தெரியலை. தலையைச் சுத்துது. கண்ணை இருட்டிக்கிட்டு வருது."

கவுன்ட்டர்காரருக்கு உயிர் போய் உயிர் வந்தது. என்ன வாய் முகூர்த்தம் இது! எழுதி அரை மணி ஆகவில்லையே!

"டாக்டர்கிட்ட போலாம் வா!"

"வேண்டாங்க. எந்திரிக்காம ஒரு நாலு நாள் படுத்தாச் சரியாயிடும்."

நாலு நாள்! அதே கணக்கு! செய்த பாவத்துக்குப் பரிகாரமாக அடுப்படிக்குள் நுழைந்தார். லேப்டாப்பை அரிசி டப்பா மேல் வைத்துக்கொண்டார். ஒரு கையால் கிண்டினார், ஒரு கையால் தட்டினார். வெங்காயத்துக்கு அழுதாரா, ஆறாவது திருத்தத்துக்கு அழுதாரா என்று அவருக்கே தெரியவில்லை. நடுநடுவே நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஓடினார். நெற்றி ஜில்லென்று இருந்தது. அது இன்னும் பயமாக இருந்தது.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றாள் நோயாளி. "கால் உளையுதுங்க." பிடித்துவிட்டார். "அந்த ஜன்னல் திரையெல்லாம் தூசியா இருக்கு. மூச்சு முட்டுது." துவைத்துப் போட்டார்.

"எனக்கு ஏதாவது ஆயிட்டா என்னங்க பண்ணுவீங்க?"

"அப்படியெல்லாம் பேசாதே!" அவர் குரல் உடைந்துவிட்டது. அது நடிப்பில்லை. அவள் சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான்காம் நாள் நண்பகல் ஒன்பதாவது திருத்தமும் முடிந்தது. உடனே அனுப்பினார். திரும்பிப் பார்த்தால் மனைவி எழுந்து உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"இப்பத் தேவலையா?"

"என்ன மாயமோ, பளிச்சுன்னு ஆயிட்டுது."

அன்றே நற்சான்றுக் கடிதம் வந்தது. அதை வைத்துக்கொண்டு நான்காவது கம்பெனியில் போய் உட்கார்ந்தார். கண்ணாடி அறை. எதிரே மேலாளர் அம்மாள். அந்தக் கேள்வி வந்தது. இம்முறை அவர் கூரையைப் பார்க்கவில்லை. லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

"இதில நீங்க செஞ்ச பெரிய தப்பு எது?"

இருபது அடிக் கையைச் சொன்னார். எழுபத்து மூன்றாவது வரியைச் சொன்னார். மேலாளர் அம்மாள் முதலில் சிரித்தாள், பிறகு அவர் எழுதிய வரிகளைக் கவனமாகப் படித்தாள்.

"உங்க வாடிக்கையாளர்கிட்ட ஒரு வார்த்தை பேசணுமே. நாளைக்கு நாலு மணிக்குப் பேசிட்டு முடிவு சொல்றோம்."

கவுன்ட்டர்காரர் கலங்கிப்போனார். அந்தச் சள்ளைக் கிழவனா? என்ன சொல்லித் தொலைப்பானோ! வீட்டுக்கு வந்ததும் கெஞ்சிக் கடிதம் எழுதினார். 'என் போன் எண்ணைக் கம்பெனிக்கு நானே தெரிவித்துக்கொள்கிறேன்' என்று ஒரு வரிதான் பதில் வந்தது.

மறுநாள் நாலு மணி. படுக்கையறையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூடத்தில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாலு அடித்தது. மனைவியின் போனும் அடித்தது. மெஷின் நின்றது.

"வணக்கம். ஆமாங்க, கடை உரிமையாளர்தான் பேசறேன்."

கவுன்ட்டர்காரர் எழுந்தார். கதவு வரை வந்தார். மனைவி நிமிர்ந்து உட்கார்ந்து, வேறு யாரோ மாதிரி, அழுத்தம் திருத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவருக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. மூளை ஓடாத பொம்பளை. மதிப்பில்லாத கிழம். டாக்டர்கள் கையை விரித்தது. கால் பிடித்தது. திரை துவைத்தது! விரலை நீட்டி, "அடியே..." என்று வாயைத் திறந்தார்.

அவள் போனைச் சுட்டிக் காட்டி, உதட்டில் விரலை வைத்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. அவர் வாழ்க்கை அந்தப் போனுக்குள் இருந்தது.

"ஆள் எப்படியா? சொன்னா முணுமுணுப்பார். ஆனா செஞ்சுடுவார். என் கடையில நாப்பது பேர் அளவு இப்ப அதிலதான் இருக்கு... குறையா?" அவள் அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். "ஒண்ணு இருக்குங்க."

கவுன்ட்டர்காரர் இரண்டு கையையும் கூப்பினார்.

"நடுவுல, வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு லீவு கேட்டார்." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "எனக்கும் சந்தேகமாத்தான் இருந்தது. விசாரிச்சுப் பாத்தேன். நாலு நாளும் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டாராம். அதுக்கப்புறம் அதைக் குறைன்னு சொல்ல எனக்கு மனசு வரலைங்க."

அவர் கண்ணைத் திறந்தார். அவள் அவரைப் பார்க்காமல் சட்டைத் துணியை நீவிக்கொண்டிருந்தாள். பிறகு முகம் மலர்ந்தது. "அப்படீங்களா? ரொம்ப சந்தோஷங்க!"

'கெடச்சுதா?' என்று புருவத்தைத் தூக்கினார். தலையாட்டினாள். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, கவுன்ட்டர்காரர் நின்ற இடத்திலேயே ஒரு துள்ளுத் துள்ளினார்.

"திங்கட்கிழமையே வரணுமா?" மனைவி தலையைத் தூக்கி, சாமான் பிதுங்கி நிற்கும் பரணைப் பார்த்தாள். "திங்கட்கிழமை தோதுப்படாதுங்க. இங்கே பரண் ஒண்ணு ஒழிக்க வேண்டியிருக்கு, முடிச்சதும் செவ்வாய்க்கிழமை நானே அனுப்பி வைக்கிறேன்."