மூன்றாம் எண்ணின் சிவப்புக் கட்டம்

திரையில் ஒரே ஒரு கட்டம் மட்டும் சிவப்பாக நின்றது. அதற்குள் என்ன எழுதுவதென்று அறியாமல் கட்டம்மா காலை முதல் விழித்துக்கொண்டிருந்தார்.

இரத்தப் புற்றுநோய்க்கான புதிய மாத்திரை ஒன்றை ஆராயும் நிலையத்தில், நோயாளிகளின் விவரங்களைப் பதிவுசெய்வது அவருடைய பணி. எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விட்டறியாதவர் என்பதால் சக ஊழியர்கள் சூட்டிய பெயர் அது. அவரும் அதை ஒரு பட்டமாகவே ஏற்றுக்கொண்டிருந்தார்.

நாற்பத்திரண்டு நோயாளிகளின் கோப்பு அன்று மாலை ஐந்து மணிக்குள் மேலிடத்திற்குச் சென்றாக வேண்டும். சென்றால்தான் அம்மாத்திரை இன்னும் நானூறு பேருக்குக் கிடைக்கும். ஆனால், ஒரு கட்டம் சிவந்திருந்தாலும் கோப்பை அனுப்ப முடியாதென்று கணினி அடம்பிடித்தது.

சிவந்திருந்தது மூன்றாம் எண் நோயாளியின் கட்டம். அதன் தலைப்பு, ‘இறந்த தேதி’.

மூன்றாம் எண்ணோ முந்தைய நாள்தான் நேரில் வந்து இரத்தம் கொடுத்து, ஊசி குத்திய செவிலியரிடம், "கொசுகூட இதைவிட மரியாதையா கடிக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கட்டம்மா ‘இல்லை’ என்று எழுதினார். கணினி ஏற்கவில்லை. ‘நலமாக உள்ளார்’ என்று எழுதினார். ‘தேதியை மட்டும் எழுதவும்’ என்றது கணினி. வேறு வழியின்றி நோயாளியின் பிறந்த தேதியை எழுதினார். ‘இறந்த பின்னர் ஆய்வில் சேர இயலாது’ என்று கணினி அவருக்கு அறிவுறுத்தியது.

மணி மூன்றாயிற்று. கட்டம் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் இன்றைய தேதியைப் போட்டு, உடனே அழித்துவிடுவதென்று கட்டம்மா முடிவு செய்தார். போட்டார். கட்டம் பச்சையாயிற்று. அழித்தார். அழியவில்லை.

‘இறந்தவரின் பதிவைத் திருத்த இயலாது.’

ஐந்து நிமிடங்களில், இரத்த மாதிரிகளைப் பாதுகாக்கும் குளிரறைக்காரர் தடித்த கையுறைகளோடு வந்து நின்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"அக்கா, மூணாம் நம்பர் போயிட்டாராமே! இப்பதான் உத்தரவு வந்துச்சு. அவரோட பதினோரு குப்பியையும் இறந்தவங்க பெட்டிக்கு மாத்திட்டேன். நேத்துதானே சிரிச்சுப் பேசிட்டுப் போனாரு?"

"அவர் எங்கயும் போகலப்பா. நான்தான் அனுப்பிட்டேன்!"

குளிரறைக்காரர் ஓரடி பின்வாங்கினார். "என்னக்கா சொல்றீங்க?"

"கம்ப்யூட்டர்லப்பா! முதல்ல அந்தக் குப்பிகளை எடுத்து பழைய இடத்துல வைங்க."

"வைக்கச் சொல்லித்தான் உத்தரவு வந்திருக்கு. எடுக்கச் சொல்லி வரலையே."

கட்டம்மா மனம் தளரவில்லை. பழைய பதிவுதானே திறக்க மறுக்கிறது? அதே மனிதரை நாற்பத்து மூன்றாம் நோயாளியாகப் புதிதாகச் சேர்த்தால் என்ன? சேர்த்தார். கணினி மிகுந்த பணிவோடு அவரை வரவேற்றது. புதிதாகச் சேர்வோருக்குச் செய்யவேண்டிய பரிசோதனைகளின் பட்டியலையும் உரியவர்களுக்கு அப்பொழுதே அனுப்பிவைத்தது.

கால் மணி நேரத்தில் கதவு படாரென்று திறந்தது. மூன்றாம் எண், ஆறடி உயரத்தில், மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"அம்மா, நீங்களே நியாயம் சொல்லுங்க. மாத்திரை வாங்கலாம்னு வந்தா, நான் செத்துட்டேன், தரமுடியாதுங்கறாங்க. சரின்னு திரும்பினா, இடுப்பெலும்புல ஊசி போடணும்னு நர்ஸம்மா துரத்துறாங்க. செத்தவனுக்கு எதுக்கும்மா ஊசி?"

"ஐயா, முதல்ல உட்காருங்க..."

"இருங்க, இன்னும் முடியல. வீட்டுக்காரிக்கு அனுதாபச் செய்தி வேற போயிருக்கு. போன் பண்ணி, 'வரும்போது பால் வாங்கிட்டு வரணும், வருவீங்களா மாட்டீங்களா'ன்னு மட்டும் கேக்கறா."

குளிரறைக்காரர் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

மூன்றாம் எண் நாற்காலியில் அமர்ந்தார். அவர் குரல் தணிந்தது. "விளையாட்டெல்லாம் சரிம்மா. கையில இருக்கற மாத்திரை இன்னிக்கோட தீருது. இது வெளியில எங்கயும் கிடைக்காது. கிடைச்சிடும் இல்ல?"

கோப்பு, மேலிடம், ஐந்து மணி ஆகிய யாவும் கட்டம்மாவின் நெஞ்சிலிருந்து அகன்றன.

"தப்பு என்னோடதுங்கய்யா. மாத்திரை இல்லாம உங்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்."

இதுவரை எவரிடமும் உதவி கேட்டறியாத அவர், தொலைபேசியை எடுத்துக் கணினிக்காரரை அழைத்தார்.

ஆய்வு தொடங்கிய காலத்தில் இந்தப் படிவத்தை வடிவமைத்தவர் அவரே. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றித் துடைத்து, மூக்கில் சரியாகப் பொருத்தி மறுபடியும் பார்த்தார். மூன்றாம் எண்ணை ஒருமுறை ஏறிட்டு நோக்கினார். நெடுநேரம் தட்டச்சு செய்தார்.

நாற்பத்து மூன்றாம் எண் மறைந்தது. மூன்றாம் எண் உயிர்பெற்றார். குப்பிகளை மீட்கும் உத்தரவு வந்ததும் குளிரறைக்காரர் ஓட்டமெடுத்தார். மாத்திரைப் பொட்டலம் நோயாளியின் கைக்கே வந்து சேர்ந்தது. ஐந்து மணிக்கு நான்கு நிமிடங்கள் இருக்கையில் கோப்பும் புறப்பட்டது.

கட்டம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சார், உங்களுக்குக் கோடிப் புண்ணியம். இந்தக் கோளாறு மறுபடியும் வராதுல்ல?"

கணினிக்காரர் எழுந்து, மூன்றாம் எண்ணின் கையை இறுகப் பற்றிக் குலுக்கினார்.

"வரும்மா, ஆரம்பத்துல, ஆய்வுல சேர்ந்து அறுபது மாசத்தைத் தாண்டி ஒருத்தராவது உயிரோட இருப்பாங்கன்னு நாங்க யாருமே நினைக்கல, அதனால அதுக்கப்புறம் இறந்த தேதியைத் தவிர வேற கட்டமே வைக்கல, இவர் நேத்து தாண்டிட்டாரு, அடுத்த மாசம் இன்னும் பதினாலு பேர் தாண்டப்போறாங்க!"